பேட்ச் வந்துவிட்டது, சிஸ்டத்துக்கு வரவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். வண்டி உதிரி பாகங்களுக்கு ஜாப் ஒர்க். பின்னால் மூன்று சிஎன்சி மெஷின், முன்னறையில் டாலி ஓடும் ஒரு சிஸ்டம், அதற்குப் பக்கத்தில் டிராயிங் பார்க்கிற இன்னொன்று. ஒருநாள் அங்கே போயிருந்தபோது கணக்கு பார்க்கும் அம்மா, "ஆன்டிவைரஸ் பச்சையாத்தான் இருக்கு, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க சார்" என்றார். பார்த்தேன். பச்சை டிக் இருந்தது. வைரஸ் பட்டியல் அன்று காலைதான் அப்டேட் ஆகியிருந்தது. ஆனால் மென்பொருளின் விவரப் பக்கத்தைத் திறந்தால், பதிப்பு எட்டு மாதம் பழையது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: புதிய பதிப்பு இறங்கிவிட்டது, ரீஸ்டார்ட் செய்தால் முழுமையாகும்.

"ரீஸ்டார்ட் குடுத்து எத்தனை நாளாச்சும்மா?"

"தினமும் ஆறு மணிக்கு ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் சார் வீட்டுக்குப் போறேன்."

அவர் சொன்னது உண்மை. அவர் மீது ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 8 வந்தபோது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியும் கூடவே வந்தது. அது இயங்கும் சிஸ்டத்தில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கருவான கர்னல் முழுதாக அணைவதில்லை. தன் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. சிஸ்டம் சீக்கிரம் எழுந்துகொள்வது இதனால்தான். கர்னலோடு சேர்ந்து ஓடும் துணை நிரலான டிரைவர், நேற்று நினைவகத்தில் இருந்ததே இன்றும் ஓடும் என்பதும் இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாக ஏறும். ஆக, எட்டு மாதமாக அந்த அம்மா தினமும் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போன சிஸ்டத்தில், தயாரிப்பாளர் அடைத்துவிட்டதாகச் சொன்ன ஓட்டைகள் திறந்தேதான் இருந்தன.

ஆன்டிவைரஸில் ஓட்டை விழுமா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். விழும், விழுந்திருக்கிறது, இனியும் விழும். அதுவும் மனிதர் எழுதிய நிரல்தான். அதைவிடப் பெரிய கேள்வி, ஓட்டையை அடைக்கும் பேட்ச் எங்கே வரை போய்ச் சேருகிறது என்பது. தயாரிப்பாளரின் அறிவிப்பில் ஓட்டை அடைபட்ட நாள் ஒன்று இருக்கும். பட்டாபிராமில் ஒரு வீட்டுக் கணினியில், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் அது அடைபட்ட நாள் வேறாக இருக்கும். இடைப்பட்ட அந்த நாட்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

மற்ற மென்பொருளில் விழும் ஓட்டையைவிட ஆன்டிவைரஸில் விழும் ஓட்டை ஏன் மோசம்? பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வெளியிலிருந்து வரும் எந்த மெட்டீரியலும் இன்வர்டு இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். மற்றவர்கள் தொடாத பார்சலையும் அங்கே இருப்பவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஆன்டிவைரஸின் வேலையும் அதுவே. மின்னஞ்சலில் வந்த கோப்பை நீங்கள் திறக்கவே வேண்டாம். அது வந்து இறங்கிய நொடியில் ஆன்டிவைரஸ் பிரித்துவிடும். பிரிக்கிற நிரலில் தவறிருந்தால், பார்சலில் இருப்பது பிரிப்பவரின் கையையே பிடித்துக்கொள்ளும். அந்தக் கைக்கோ சிஸ்டத்தில் உள்ள எல்லா அறைகளின் சாவியும் கொடுத்திருக்கிறோம்.

2016 ஜூனில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஆர்மண்டி வெளியிட்டது இப்படிப்பட்ட ஓட்டைகளைத்தான். சிமாண்டெக், நார்ட்டன் தயாரிப்புகள் சுருக்கிக் கட்டிய கோப்புகளை விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும் என்ற நிலை. மறு ஆண்டு மே மாதம் அவரும் நடாலி சில்வனோவிச்சும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் எஞ்சினில் அதே வகை ஓட்டையைக் கண்டார்கள். சந்தேகத்துக்குரிய ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும் பகுதியில் இருந்த பிழை அது. சொல்லி மூன்று நாளுக்குள், 2017 மே 8 அன்று, மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. அந்தப் பேட்ச் வைரஸ் பட்டியலோடு சேர்ந்து தானாகவே இறங்கியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. 2018 அக்டோபரில் டிஃபெண்டரின் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தனிக் கூண்டுக்குள் ஒதுக்கும் வசதியையும் அந்நிறுவனம் கொண்டுவந்தது. பார்சல் வெடித்தாலும் கூண்டுக்குள் மட்டும் வெடிக்கட்டும் என்ற ஏற்பாடு. எல்லாத் தயாரிப்பாளர்களும் செய்திருக்க வேண்டிய காரியம் இது.

இதைச் செய்தால் பிரச்சினையில் ஒரு பாதிதான் தீரும். மறுபாதி, டிரைவரில் இருக்கிறது.

அந்தக் கதைக்குச் சென்னையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கே7 கம்ப்யூட்டிங் 1991இல் ஜெ. கேசவர்தனன் இங்கே தொடங்கிய நிறுவனம். ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் விற்கும் ஆன்டிவைரஸுக்குள் ஓடும் எஞ்சின் இவர்களுடையது. நம் ஊரில் எழுதிய நிரல் அங்கேயும் காவல் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கே7 மென்பொருளோடு வரும் 'கே7ஆர்கேஸ்கேன்' என்ற டிரைவரில் இருந்த ஓட்டை ஒன்று சிவிஇ-2025-1055 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. மறைந்திருக்கும் தீநிரல்களைப் பிடித்து நிறுத்துவதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலையும் கொல்லும் கட்டளை அந்த டிரைவரில் உண்டு. அது இருக்க வேண்டிய கட்டளைதான். ஆனால் கட்டளை கொடுப்பவர் யார் என்று டிரைவர் கேட்கவில்லை. எந்த அதிகாரமும் இல்லாத சாதாரண யூசர்கூட, அட்மின் அதிகாரத்திலும் சிஸ்டம் அதிகாரத்திலும் ஓடுகிற நிரல்களை அதன் மூலம் கொன்றுவிடலாம். விண்டோஸே தனிக் காப்பு கொடுத்தவை மட்டும் தப்பும். பட்டறையின் பேனல் போர்டுக்குப் பூட்டு போடாமல் நடைபாதையில் வைத்ததற்கு இது சமம். பிரேக்கர் இருக்கத்தான் வேண்டும். போகிற வருகிறவரெல்லாம் இறக்கிவிடும்படி அது இருக்கக் கூடாது.

பூட்டு போட்ட பிறகும் கதை முடியவில்லை. அதே டிரைவரின் 23.0.0.10 பதிப்பைப் பற்றி சிவிஇ-2025-52915 என்ற இன்னொரு பதிவு வந்தது. இம்முறை அட்மின் உரிமை உள்ளவருக்கு மட்டுமே அந்தக் கட்டளை எட்டும். ஆனால் அழைப்பது கே7இன் சொந்த நிரலா, வேறொன்றா என்ற சோதனை போதவில்லை. மற்ற நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களையும் அதனால் நிறுத்த முடிந்தது. அட்மின் உரிமை வந்துவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே, இதை ஏன் ஓட்டை என்று சொல்ல வேண்டும் எனச் சிலர் வாதிடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் வேலை செய்வது இந்த வரிசையில்தான்: முதலில் எப்படியோ அட்மின் ஆவார்கள், அடுத்து காவல் நிரலைக் கொல்வார்கள், அதன் பிறகே டாலி கோப்பில் கைவைப்பார்கள். இரண்டாவது படிதான் அவர்களுக்குக் கடினம். அதை எளிதாக்கிக் கொடுப்பது ஓட்டைதான்.

இதில் பலருக்குத் தெரியாத கொடுமை ஒன்று இருக்கிறது. பழைய டிரைவரில் தயாரிப்பாளரின் செல்லுபடியாகும் கையொப்பம் இருக்கும். விண்டோஸ் அந்தக் கையொப்பத்தை நம்பி உள்ளே விடும். ஆகவே தாக்குபவர் ஓட்டை உள்ள பழைய டிரைவரைத் தன் பையிலேயே எடுத்து வருகிறார். உங்கள் சிஸ்டத்தில் அந்த ஆன்டிவைரஸ் என்றைக்குமே இருந்திருக்க வேண்டாம். 2022இல் அவோஸ்லாக்கர் கும்பல் அவாஸ்டின் பழைய டிரைவர் ஒன்றை இப்படித்தான் சுமந்து வந்து மற்ற பாதுகாப்பு மென்பொருள்களைச் சாய்த்தது. அவாஸ்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு எத்தனை பேட்ச் கொடுத்தாலும் இதைத் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் தடைப்பட்டியல். விண்டோஸ் 11இன் 2022 பதிப்பு முதல் அது தானாகவே இயங்குகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்துக்குப் போனால் அந்தச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்த பட்டறைகளில் பாதிக்கு மேல் இன்னும் விண்டோஸ் 10தான். அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

கோப்பை அழிக்கும் அதிகாரத்தையும் திருப்பிவிடலாம். 2022 டிசம்பரில் சேஃப்பிரீச் நிறுவனத்தின் ஆர் யாயர் இதைச் செய்து காட்டினார். ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் தீயது என்று குறித்துவிட்டு, உடனே அழிக்க முடியாதபோது ரீஸ்டார்ட் வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில் கோப்பு இருந்த பாதையை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டால், ஆன்டிவைரஸே போய் நல்ல கோப்பை அழித்துவிடும். மைக்ரோசாஃப்ட், ட்ரெண்ட் மைக்ரோ, அவாஸ்ட் உட்படச் சிலர் அதற்குப் பேட்ச் கொடுத்தார்கள்.

இனி அப்டேட் வழி. என்னை அதிகம் கலங்கவைத்தது இதுதான். ஓட்டையை அடைக்கும் மருந்து வருகிற குழாயிலேயே ஓட்டை.

மும்பையைச் சேர்ந்த மைக்ரோவேர்ல்டு நிறுவனத்தின் எஸ்கேன், இந்தியாவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஆன்டிவைரஸ். அதன் அப்டேட்டுகள் பல ஆண்டுகள் பூட்டில்லாத எச்டிடிபி இணைப்பில் இறங்கிக்கொண்டிருந்தன. வங்கித் தளத்துக்குப் போகும்போது முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நமக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு இந்த அப்டேட்டுக்கு இருக்கவில்லை. வழியில் புகுந்தவர்கள் உண்மையான அப்டேட் பொட்டலத்தை எடுத்துவிட்டுத் தங்களுடையதை வைத்தார்கள். அதில் இருந்த கோப்பை எஸ்கேனே தன் அதிகாரத்தோடு ஓட்டியது. அடுத்த கட்டங்கள் படக்கோப்புகளுக்குள் ஒளிந்து வந்தன. பெரிய நிறுவனங்களின் வலையில் பின்வாசல் நிரல்களையும், மற்ற இடங்களில் மின்சாரத்தைத் தின்னும் கிரிப்டோ சுரங்க நிரலையும் இறக்கிவிட்டுப் போனார்கள். அவாஸ்ட் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து எஸ்கேனுக்கும் நம் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் சொன்னார்கள். 2023 ஜூலை 31 அன்று அடைத்துவிட்டதாக எஸ்கேன் உறுதி செய்தது. முழு விவரம் 2024 ஏப்ரலில் வெளியானது. தாக்குதலுக்கு அவாஸ்ட் ஆய்வாளர்கள் வைத்த பெயர் குப்திமைனர். குப்தி என்றால் கைத்தடிக்குள் மறைத்து வைத்த கத்தி.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2026 ஜனவரி 20 அன்று எஸ்கேனின் அப்டேட் சர்வர் ஒன்றுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். சில மணி நேரம் அந்தச் சர்வரிலிருந்து அப்டேட் எடுத்த சிஸ்டங்களுக்குத் தீய கோப்பு போனது. அந்தக் கோப்பு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எஸ்கேன் இனிமேல் அப்டேட் எடுக்க முடியாதபடி வழியை அடைத்தது. எனவே நிவாரணத்தை வழக்கமான குழாயில் அனுப்ப முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு தனி நிரலை வாங்கிக் கையால் ஓட்ட வேண்டியிருந்தது. ஐடி ஆள் இருக்கும் இடத்தில் இது ஒருநாள் வேலை. அம்பத்தூரில் ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்தத் தகவலை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

தாக்குபவர் யாரும் இல்லாமலேயே அப்டேட் வழி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத்திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அப்டேட்டை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தள்ளாமல் சிறு சிறு வட்டமாக விடுவது பற்றியும், ஆன்டிவைரஸைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவருவது பற்றியும் மைக்ரோசாஃப்டும் தயாரிப்பாளர்களும் தீவிரமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் டிரைவர் ஓட்டைகளின் வலிமை கணிசமாகக் குறையும்.

இப்படியானால் ஆன்டிவைரஸே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா? என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடாது என்பதே என் பதில். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் சிஸ்டங்களுக்கு அன்றாடம் வருகிற ஆபத்து பென்டிரைவிலும், ஜிஎஸ்டி நோட்டீஸ் மாதிரி வேஷம் போட்ட மின்னஞ்சலிலும், கிராக் செய்த மென்பொருளிலும் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை ஆன்டிவைரஸ் பிடித்துவிடுகிறது. அதே சமயம் பயத்தில் இரண்டு போட்டுக்கொள்வதும் தவறு. இரண்டு டிரைவர், இரண்டு அப்டேட் குழாய், ஓட்டைக்கு இரண்டு மடங்கு இடம். லைசன்ஸ் முடிந்த பழைய ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் போடுகிற வழக்கம் இங்கே நிறைய உண்டு. பழையதன் டிரைவர் அப்டேட்டே இல்லாமல் உள்ளே கிடக்கும். தயாரிப்பாளர்கள் தங்கள் மென்பொருளை அடியோடு எடுப்பதற்குத் தனி நிரல் தருகிறார்கள். அதை ஓட்டித்தான் எடுக்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடிப் பகுதியைத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பேட்டையில் என்டிடி போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கே பேட்ச் வந்ததா, ஏறியதா என்று இரவும் பகலும் பார்க்க ஆள் உண்டு. அதே பேட்டையின் ஷெட்டுகளில் அந்த வேலை, எப்போதாவது வரும் சர்வீஸ் பையனுடையது. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, பீரங்கி வண்டிகளை வடிவமைக்கும் சிவிஆர்டிஇ இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸை விட்டு உபுண்டு அடிப்படையிலான 'மாயா' இயங்குதளத்துக்கும், 'சக்கரவியூகம்' என்ற காவல் மென்பொருளுக்கும் மாறுவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. அவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. அவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறையின் சிஸ்டத்துக்கு இல்லை. டிராயிங் இருப்பதோ இரண்டு இடத்திலும்தான்.

ஆன்டிவைரஸ் ஓட்டையால் பெரிய நிறுவனத்துக்கும் ஆபத்து வரும். நம் பட்டறைகளில் பல சிஎன்சி மெஷின்களின் கன்ட்ரோலரைச் செய்கிற மிட்சுபிஷி எலெக்ட்ரிக், ஆன்டிவைரஸ் நிர்வாக சர்வரில் அதுவரை யாரும் அறியாத ஓட்டை வழியாகத் தன் வலைக்குள் ஆள் நுழைந்ததை 2020இல் வெளிப்படுத்தியது.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் சொல்ல வேண்டும். அதன் சைபர் ஸ்வச்தா கேந்திரம், கே7, எஸ்கேன், குயிக்ஹீல் நிறுவனங்களின் இலவசத் துப்புரவு நிரல்களையும் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காவல் நிரலிலேயே ஓட்டை என்றால், அந்தச் செய்தி டாலி முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தமிழில், ஒரு வரியில் போக வேண்டும். லைசன்ஸ் முடிய முப்பது நாள் இருக்கும்போதே திரை நடுவில் பெரிய எழுத்தில் நினைவூட்டத் தெரிந்த தயாரிப்பாளர்கள், ரீஸ்டார்ட் பாக்கியிருப்பதை மட்டும் பொடி எழுத்தில் ஓரத்தில் போடுவது நியாயமில்லை. பேட்ச் முழுமையாகாதவரை பச்சை டிக் காட்டக் கூடாது. மஞ்சள் காட்ட வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, ஒரு நிறத்தை மாற்றினால் போதும்.

அன்று அந்தப் பட்டறையில் ரீஸ்டார்ட் கொடுத்தோம். சிஸ்டம் எழுந்துகொள்ள நாலு நிமிஷம் ஆயிற்று. விவரப் பக்கத்தில் புதிய பதிப்பு எண் வந்தது. பவர் ஆப்ஷனில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தேன். காலையில் கொஞ்சம் மெதுவாக எழும், பரவாயில்லை என்றார் அந்த அம்மா. மானிட்டர் ஓரத்தில் அவரே ஒரு சீட்டு ஒட்டினார்: சனிக்கிழமை ரீஸ்டார்ட், பதிப்பு எண் குறிக்கவும்.

மிச்சம் இருந்தது பின்னால் ஒரு சிஎன்சி மெஷினோடு இணைத்திருக்கும் பழைய சிஸ்டம். விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. மெஷினின் மென்பொருள் வேறெதிலும் ஓடாது என்பதால் மாற்றவும் வழியில்லை. அதற்கு எந்தப் பேட்சும் இனி வராது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்தோம். புரோகிராம் ஏற்றுவதற்கு என்று ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அதில் சிவப்பு டேப் சுற்றினோம். அது முன்னறைச் சிஸ்டத்தில் சோதித்த பிறகுதான் பின்னால் போகும்.